சினை எலியும் அந்நிய ஆணின் வாடையும்: புரூஸ் விளைவு எப்படி நடக்கிறது?

இணை சேர்ந்து ஓரிரு நாளே ஆன பெண் சுண்டெலியைப் பழக்கமில்லாத வேறொரு ஆணோடு வைத்தால், பல நேரம் அதற்குச் சினை நிலைப்பதில்லை. அந்த ஆண் அதைத் தொடக்கூட வேண்டாம். அதன் சிறுநீர் ஊறிய படுக்கைத்தூளில் பெண்ணை விட்டாலே போதும். சில நாளில் பெண் மறுபடியும் சினைப்பருவத்துக்கு வந்து, புதிய ஆணோடு இணை சேரத் தயாராகிவிடும்.

லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஹில்டா புரூஸ் 1959-ல் இதை வெளியிட்டார். அவர் பெயராலேயே இது ‘புரூஸ் விளைவு’ ஆனது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், செய்திகளில் இது வரும்போதெல்லாம் மூன்று விதமாகத் திரிந்துபோகிறது. வாசனை கருவைக் கொல்கிறது என்கிறார்கள். பெண் எலி யோசித்து முடிவெடுத்துக் கருவைக் கலைக்கிறது என்கிறார்கள். அப்புறம், மனிதருக்கும் இப்படி உண்டா என்ற கேள்வி வந்து நிற்கிறது.

இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. இணை சேர்ந்ததும் சினை உறுதியாகிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சுண்டெலியில் அப்படி இல்லை. இணைசேர்தல் சினையைத் தொடங்கி வைக்கிறது. அதைத் தாங்கும் ஹார்மோன் முதல் சில நாட்கள் மூளையின் தயவில்தான் சுரக்கிறது. அந்த மூளைப் பகுதிக்கு மூக்கிலிருந்து ஒரு தனி வழி இருக்கிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

சினை எப்படித் தாங்கப்படுகிறது

முதலில் சில சொற்கள். கருமுட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் உருவாகும் சிறு திசுவுக்குக் கார்பஸ் லூட்டியம் என்று பெயர். அது சுரக்கும் புரோஜெஸ்டரோன்தான் கருப்பையைக் கரு பதியும் நிலைக்குக் கொண்டுவருகிறது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, புரோலாக்டின் என்ற ஹார்மோனை விடுகிறது. பால் சுரப்போடு சேர்த்து அறியப்படும் அதே ஹார்மோன்தான். எலியிலும் சுண்டெலியிலும் கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றும் வேலையும் இதற்கு உண்டு.

சுண்டெலியின் சினைச் சுழற்சி 4 முதல் 5 நாள். அவ்வளவு குறுகிய சுழற்சியில் கார்பஸ் லூட்டியம் முழுதாகச் செயல்படுவதற்கு நேரமே இல்லை. யாரும் தாங்காவிட்டால் அது சுருங்கிவிடும். இணை சேரும்போது நடப்பது இது:

1. கருப்பையின் வாய்ப் பகுதியில் ஏற்படும் தூண்டுதல் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது.
2. பிட்யூட்டரியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் அதைப் பெற்றதும், பிட்யூட்டரியிலிருந்து நாளுக்கு இரண்டு முறை புரோலாக்டின் அலையாக எழும் ஒரு ஒழுங்கு தொடங்குகிறது.
3. அந்த அலைகள் கார்பஸ் லூட்டியத்தைத் தாங்க, புரோஜெஸ்டரோன் தொடர்ந்து வருகிறது.
4. கருமுட்டைக் குழாயில் பயணித்த கருக்கள் 4-ஆம் நாளில் கருப்பைக்கு வந்து, அதன் பிறகு சுவரில் பதிகின்றன.
5. சினைக்காலத்தின் நடுப்பகுதியில் நஞ்சுக்கொடி தானே புரோலாக்டின் போன்ற ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கிறது. அதன் பின் பிட்யூட்டரியை நம்பியிருக்கத் தேவையில்லை. 19 முதல் 21 நாளில் குட்டிகள் பிறக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது படிக்குக் கரு தேவையே இல்லை என்பது. விந்துக்குழாய் வெட்டப்பட்ட ஆணோடு இணை சேர்ந்தாலும் புரோலாக்டின் அலைகள் எழும். பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள், கரு இல்லாமலே சினை போன்ற நிலை, அதாவது பொய்ச்சினை, இருக்கும். ஆக முதல் நாட்களில் ‘சினையாக இருக்கிறேன்’ என்ற செய்தி கருவிடமிருந்து வரவில்லை, மூளையிலிருந்து வருகிறது. மூளை அதை நிறுத்தினால், கருக்கள் நல்ல நிலையில் இருந்தாலும் பதிய இடம் கிடைக்காது.

அதனால்தான் இதைக் ‘கருச்சிதைவு’ என்று எழுதுவது தவறான படத்தைத் தருகிறது. சுண்டெலியில் நடப்பது பெரும்பாலும் கரு பதிவதற்கு முன்பே. பதிந்த கரு சிதைந்து வெளியேறுவதும், பதியாத கரு பதியாமலே போவதும் உடலுக்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள். ‘சினை தடைபடுகிறது’ என்பதே சரியான சொல்.

புரூஸும் பின்வந்தவர்களும் கண்டது

புதிய ஆண் வந்தால் பெண்ணுக்கு அதிர்ச்சி, அதனால் சினை போகிறது என்பது எளிய விளக்கம். சோதனைகள் அதை ஏற்கவில்லை. விதையடித்த ஆண், எவ்வளவு அந்நியமானதாக இருந்தாலும், இந்த விளைவை உண்டாக்குவதில்லை. பருவம் வராத ஆணும் அப்படியே. புதுமையோ பயமோ காரணமாக இருந்தால் இவையும் சினையைத் தடுத்திருக்க வேண்டும். அப்படியானால் டெஸ்டோஸ்டரோன் இருக்கும் ஆணிடம் மட்டும் உள்ள ஏதோ ஒரு பொருள்தான் காரணம். அது சிறுநீரில் இருக்கிறது என்பதைப் படுக்கைத்தூள் சோதனை காட்டியது. பெண் முதலில் இணைந்த ஆணின் இனவழியிலிருந்து (ஒரே மரபில் வளர்க்கப்படும் ஆய்வக வகை) வேறான இனவழியைச் சேர்ந்த ஆணாக இருந்தால் விளைவு இன்னும் கூடுதல்.

அடுத்த துண்டு ஹார்மோன் பக்கத்திலிருந்து வந்தது. அந்நிய ஆணோடு வைக்கப்பட்ட பெண்ணுக்கு வெளியிலிருந்து புரோலாக்டின் கொடுத்தால் சினை நிலைத்தது. புரூஸும் ஆலன் பார்க்ஸும் இதைச் செய்து காட்டினார்கள். 1966-ல் டாமினிக் என்ற ஆய்வாளர் இந்த நரம்பு–ஹார்மோன் தொடர்பை மேலும் விளக்கினார். கருவுக்கு நஞ்சு எதுவும் போகவில்லை, தாங்கும் ஹார்மோன்தான் குறைந்துபோனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நேரமும் முக்கியம். 1989-ல் வந்த ஒரு ஆய்வில், அந்நிய ஆணின் வாடையை நாள் முழுக்கக் காட்டாமல், புரோலாக்டின் அலை எழும் வேளைகளில் மட்டும் காட்டிப் பார்த்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. வாடை தாக்குவது அந்த அலையைத்தான்.

மூக்கிலிருந்து கருப்பை வரை

சங்கிலி இப்படிப் போகிறது:

1. பெண் எலி சிறுநீர்ப் பட்ட இடத்தை மூக்கால் தொட்டு முகர்கிறது. மூக்கின் அடிப்பகுதியில் வோமரோநேசல் உறுப்பு என்ற தனிக் குழல் இருக்கிறது. காற்றில் ஆவியாகாத கனமான மூலக்கூறுகளும் திரவத்தோடு அதற்குள் இழுக்கப்படுகின்றன.
2. அங்கிருந்து நரம்புகள் துணை முகர்வுக் குமிழ் என்ற மூளைப் பகுதிக்குப் போகின்றன. சாதாரண வாசனைகளைக் கையாளும் முதன்மைக் குமிழ் வேறு.
3. துணைக் குமிழிலிருந்து செய்தி அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்கும், அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்கும் செல்கிறது.
4. ஹைப்போதலாமஸில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் முடுக்கப்படுகின்றன. டோபமைன் பிட்யூட்டரிக்கு இறங்கி, புரோலாக்டின் சுரப்பை அடக்குகிறது.
5. கார்பஸ் லூட்டியம் சுருங்குகிறது, புரோஜெஸ்டரோன் விழுகிறது, கரு பதிவதில்லை, புதிய சினைச் சுழற்சி தொடங்குகிறது.

வோமரோநேசல் உறுப்பை நீக்கிய பெண்ணுக்கு அந்நிய ஆணால் சினை தடைபடுவதில்லை. ‘வாசனை காற்றில் வந்து கருவைக் கலைத்தது’ என்ற வர்ணனை இங்கே இன்னொரு முறை பிசகுகிறது: வழி முக்கியமாகத் தொட்டு முகர்வது. இதில் பெண்ணின் ‘யோசனை’ என்று சொல்ல வேண்டிய கட்டம் எதுவும் இல்லை. செய்தி பெருமூளைப் புறணியைச் சுற்றி வராமல், நேராக ஹார்மோன் கட்டுப்பாட்டு நரம்புகளுக்கு இறங்குகிறது.

தன் இணையின் வாடை ஏன் ஒன்றும் செய்வதில்லை?

இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கேள்விதான். பெரும்பாலான செய்திகள் இதைத் தொடாமலே போய்விடுகின்றன.

பெண் இணைந்த ஆணும் ஆண்தான். அதன் சிறுநீரிலும் அதே வகைப் பொருட்கள் இருக்கின்றன. பெண் அதோடு ஒரே கூண்டில் நாள் கணக்கில் இருக்கிறது. அதன் வாடையே சினையைத் தடுத்துவிட வேண்டுமே? தடுப்பதில்லை.

அந்நிய வாடை ஒரு எச்சரிக்கை மணியாக அடிக்கிறது என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர் எதிர். ஆண் வாடை எல்லாமே புரோலாக்டினை அடக்கக்கூடியது; அதுதான் இயல்பான நிலை. இணைந்த ஆணின் வாடைக்கு மட்டும் பெண்ணின் மூளை வாயை அடைத்துவிடுகிறது.

எப்படி என்பதைக் கேம்பிரிட்ஜில் பாரி கெவர்ன், பீட்டர் பிரென்னன், ஜப்பானில் ஹிடெட்டோ கபா முதலியோர் 1980-களிலும் 90-களிலும் படிப்படியாகக் கண்டார்கள். துணை முகர்வுக் குமிழில் இரண்டு வகை நரம்பணுக்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. மைட்ரல் அணுக்கள் செய்தியை மேலே அனுப்புகின்றன. கிரானுல் அணுக்கள் அவற்றை அடக்குகின்றன. இணை சேரும் நேரத்தில் மூளைத்தண்டிலிருந்து நோரட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருள் இந்தக் குமிழுக்குள் பாய்கிறது. அந்த வேளையில் எந்த ஆணின் வாடையால் எந்த மைட்ரல் அணுக்கள் இயங்குகின்றனவோ, அவற்றின் மேல் கிரானுல் அணுக்களின் பிடி இறுகிவிடுகிறது. அதன் பின் அதே ஆணின் வாடை வந்தால், செய்தி குமிழிலேயே அடங்கிவிடும். வேறு ஆணின் வாடை வேறு அணுக்களை இயக்குவதால், அதற்குத் தடை இல்லை.

இந்த நினைவு பதிய, இணைந்த பிறகும் சில மணி நேரம் அந்த ஆணின் வாடையோடு இருக்க வேண்டும். பதிந்தால் வாரக்கணக்கில் நீடிக்கும். ஒரு சினைக்காலத்துக்குத் தாராளமாகப் போதும்.

இதைச் சோதிக்க கெவர்னும் டி லா ரிவாவும் 1982-ல் அந்த நோரட்ரினலின் நரம்பிழைகளை அழித்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தங்கள் இணையையே அடையாளம் தெரியவில்லை. சொந்த இணையின் வாடையே சினையைத் தடுத்தது. 2008-ல் இன்னொரு பக்கத்திலிருந்து இதே போன்ற முடிவு வந்தது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனுக்கான மரபணு செயலிழந்த பெண் சுண்டெலிகளில், பழகிய ஆண், அந்நிய ஆண் என்ற வேறுபாடே இல்லாமல் சினை தடைபட்டது. புரூஸ் விளைவு என்று நாம் காண்பது, மறதி இல்லாத பெண்ணின் மூளை ஒருவனுக்கு மட்டும் கொடுத்த விலக்கின் மறுபக்கம்.

எந்தப் பொருள் அடையாள அட்டை?

ஒவ்வொரு ஆணையும் தனித்துக் காட்டும் பொருள் எது என்பதில் இன்னும் ஒரே விடை இல்லை. மூன்று ஆய்வு வரிசைகள் முக்கியமானவை.

1. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் எம்.எச்.சி. மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். மற்ற மரபணுக்கள் ஒன்றாக இருந்து இவை மட்டும் மாறிய ஆண்களும் சினையைத் தடுக்க முடியும் என்று 1980-களில் தெரிந்தது. 2004-ல் ஒரு படி மேலே போனார்கள்: இந்த மரபணுக்கள் உருவாக்கும் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ளும் பெப்டைடு எனும் சிறு புரதத் துண்டுகளை, வேறு இனவழிக்கு உரியவையாகத் தேர்ந்து, பழகிய ஆணின் சிறுநீரில் கலந்தார்கள். பழகிய சிறுநீரே அந்நியமாகிவிட்டது.
2. ஆண் சுண்டெலியின் கண்ணீரில் சுரக்கும் ஈ.எஸ்.பி.1 என்ற பெப்டைடுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்று ஜப்பானிய ஆய்வுக்குழு 2017-ல் காட்டியது.
3. கனடாவில் டெனிஸ் டெகட்டன்சாரோவின் குழு வேறு பாதையை முன்வைக்கிறது. ஆணின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ரடயால் ஹார்மோன் இருக்கிறது. அது பெண்ணின் உடலுக்குள் நேரடியாக உறிஞ்சப்பட்டு, கருப்பைக்கே போய்க் கரு பதிவதைக் கெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். முதல் நாட்களில் மிகச் சிறு அளவு ஈஸ்ட்ரோஜன் கூடினாலே கரு பதியாது என்பது உண்மைதான்.

என் பார்வையில் மூன்றாவது பாதை முதல் இரண்டை விலக்கவில்லை. ஆனால் தன் இணையை மட்டும் பெண் ஏன் விட்டுவைக்கிறது என்பதற்கு எஸ்ட்ரடயால் மட்டும் பதில் சொல்லாது. அங்கே மூளையின் நினைவு இல்லாமல் விளக்கம் நிற்காது.

ஒரே நரம்பு வழி, பல விளைவுகள்

புரூஸ் விளைவைத் தனியாகப் பார்த்தால் விநோதமாகத் தெரியும். பக்கத்தில் அதன் உறவுகளை வைத்தால் புரியும். பெண் சுண்டெலிகளை மட்டும் கூட்டமாக அடைத்தால் அவற்றின் சினைச் சுழற்சி குலைந்து, பொய்ச்சினையும் வரும். இது 1955-ல் பதிவான லீ–பூட் விளைவு. அவற்றிடம் ஆண் வாடையைக் கொண்டுபோனால் மூன்றாம் நாள் வாக்கில் பல பெண்கள் ஒன்றாகச் சினைப்பருவத்துக்கு வரும். 1956-ல் வந்த விட்டன் விளைவு இது. வளர்ந்த ஆணின் வாடை படும் இளம் பெண் குட்டிகள் சீக்கிரமே பருவமடையும். இதை 1960-களில் வாண்டன்பெர்க் காட்டினார்.

கடைசி இரண்டிலும் ஆண் வாடை பெண்ணை இனப்பெருக்கத் தயார்நிலைக்குத் தள்ளுகிறது. புரூஸ் விளைவிலும் அதே தள்ளுதல்தான். பெண் ஏற்கெனவே சினையின் முதல் நாட்களில் இருப்பதால் அது இழப்பாக முடிகிறது.

வேறு சமூகக் குறிப்புகளும் இந்தத் தடையை மாற்றுகின்றன. மற்றப் பெண்களோடு சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்நிய ஆணால் வரும் தடை குறைகிறது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் பாதுகாப்பு உண்டு. குட்டிகள் உறிஞ்சுவதே புரோலாக்டினை உயர்த்தி வைக்கிறது.

பால் கொடுக்கும் தாயிடம் இன்னொன்றும் நடக்கிறது. சுண்டெலி குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி இணை சேர முடியும். புதிய கருக்கள் கருப்பை வரை வந்து, பதியாமல், வளர்ச்சியை நிறுத்தி உறங்கும். குட்டிகள் உறிஞ்சும் வரை கரு பதியத் தேவையான ஈஸ்ட்ரோஜன் உயர்வு தள்ளிப்போகிறது. அதனால் அந்தச் சினை வழக்கத்தைவிடப் பல நாள் நீளும். முந்தைய ஈற்றுக் குட்டிகளின் வாய்தான் அடுத்த ஈற்றின் நாளைக் குறிக்கிறது.

எல்லாக் கொறிணிகளும் ஒன்றல்ல

‘எலிகள்’ என்று பொதுவாகச் சொல்வது இங்கே ஆபத்து. மேலே சொன்னது பெரும்பாலும் ஆய்வகச் சுண்டெலியைப் பற்றியது. வோல் எனப்படும் குட்டை வால் புல்வெளிக் கொறிணிகளில் கதை மாறுகிறது. அவற்றில் சில இனங்களில் கரு பதிந்த பிறகும், சினைக்காலத்தின் பிற்பகுதியிலும்கூட, அந்நிய ஆணால் சினை போகலாம் என்று 1970-களின் ஆய்வுகள் பதிவு செய்தன. இங்கே ‘கருச்சிதைவு’ என்ற சொல் பொருந்தும். பிரேரி வோல் பெண்ணுக்குத் தானாக வரும் சினைச் சுழற்சியே இல்லை. ஆணின் சிறுநீர் வாடை பட்டால்தான் சினைப்பருவம் தொடங்கும்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் குட்டிக்கொலையைச் சார்ந்தது. அந்நிய ஆண் சுண்டெலி, தனக்குப் பிறக்காத குட்டிகளைக் கொல்வது வழக்கம். எப்படியும் கொல்லப்படப் போகும் குட்டிகளுக்காக மூன்று வாரம் உடலைச் செலவழிப்பதைவிட, ஆரம்பத்திலேயே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது பெண்ணுக்கு லாபம் என்பது வாதம். ஆண் பக்கத்திலும் இதற்கு ஒத்துப்போகும் ஒன்று இருக்கிறது: இணை சேர்ந்த ஆணின் குட்டிக்கொலைப் போக்கு, சுமார் மூன்று வாரம் கழித்து, அதாவது தன் குட்டிகள் பிறக்கக்கூடிய சமயத்தில், அடங்கிவிடுகிறது.

வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் களச் சான்று அதே அளவுக்கு இல்லை. சாம்பல்வால் வோல்களைத் திறந்தவெளி அடைப்புகளில் வைத்து அந்நிய ஆண்களை விட்டுப் பார்த்த ஒரு ஆய்வு, 1999-ல், சினை குலைந்ததற்கான அடையாளம் எதையும் காணவில்லை. அடைத்த கூண்டில் பெண்ணுக்கு விலகிப் போக வழி இல்லை. திறந்த வெளியில் வழி உண்டு. காட்டு வாழ்வில் வலுவான சான்று வந்தது கொறிணிகளிடமிருந்தே அல்ல, எத்தியோப்பியாவின் கெலாடா குரங்குகளிடமிருந்து: தலைமை ஆண் மாறிய அடுத்த வாரங்களில் பெரும்பாலான சினைகள் கலைந்துபோனதாக 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சுண்டெலியைப் பொறுத்தவரை, இது ஏன் பரிணமித்தது என்பதை முடிந்த விஷயமாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். எப்படி நடக்கிறது என்பதுதான் உறுதியாகத் தெரிந்தது.

மனிதருக்குப் பொருந்துமா?

இல்லை; காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. வோமரோநேசல் உறுப்பு செய்தி அனுப்பத் தேவையான டி.ஆர்.பி.சி.2 என்ற மரபணு மனிதரில் செயலிழந்துவிட்டது. வளர்ந்த மனிதரில் துணை முகர்வுக் குமிழும் இல்லை. அதோடு, மனிதக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கார்பஸ் லூட்டியத்தைத் தாங்குவது புரோலாக்டின் அல்ல. கரு தானே அனுப்பும் எச்.சி.ஜி. ஹார்மோன். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை காட்டுவது இதைத்தான். சங்கிலியின் முதல் கண்ணியும் இல்லை, கடைசிக் கண்ணியும் வேறு. ஒன்றாக வாழும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒத்துப்போகும் என்று 1971-ல் மார்த்தா மெக்ளின்டாக் வெளியிட்ட ஆய்வை எலி ஆய்வுகளோடு சேர்த்துப் பேசுவதும் வழக்கம். பின்னர் வந்த பல ஆய்வுகள் அந்த ஒத்திசைவை உறுதிப்படுத்தவில்லை.

ஆய்வகங்களில் இதன் விளைவு

நடைமுறையில் இது யாருக்கு முக்கியம் என்றால், சுண்டெலியை வைத்துச் சோதனை செய்யும் எல்லோருக்கும். இணைசேர்ந்ததன் அடையாளமான அடைப்பு யோனியில் தெரிந்த பெண்ணை, முதல் சில நாட்களில் வேறு ஆண் இருந்த கூண்டுக்கு மாற்றுவதோ, படுக்கைத்தூளைக் கலப்பதோ கூடாது. கரு மாற்றத்துக்காகப் பொய்ச்சினைக்குக் கொண்டுவரப்பட்ட பெண்களுக்கும் இதே கவனம் வேண்டும். அவற்றைத் தாங்குவதும் அதே புரோலாக்டின் அலைதான். ஒரு மருந்தோ வேதிப்பொருளோ ஆரம்பச் சினையைப் பாதிக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், ஆண்களின் கூண்டுகள் எங்கே வைக்கப்பட்டன, தூளை மாற்றியவர் எந்த வரிசையில் மாற்றினார் என்பவை பதிவாகாவிட்டால், சினை குறைந்தது மருந்தாலா, பக்கத்துக் கூண்டு ஆணாலா என்று பிரித்தறிய வழி இருக்காது.